ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நம் வீட்டு வாசல் வரை: குவாண்டம் வந்த வழி

 

பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, மன்னர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒரு சிறு சம்பவம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது.

அன்று மின்சாரத்தைப் பற்றிய பாடம். பையன் ஒருவன் மேசைமேல் இருந்த என் கைப்பேசியைச் சுட்டிக்காட்டி, "டீச்சர், இதுக்குள்ள என்ன இருக்கு? இது எப்படி யோசிக்குது?" என்று கேட்டான். மணி அடிக்கும் நேரம். பாடமோ பாதியில் நிற்கிறது. "அதெல்லாம் பரிட்சைக்கு வராதுடா, உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் அவன் கை தூக்கவே இல்லை.

அன்று நான் செய்தது சரியா? இரவில் படுத்தபோது அந்தப் பையனின் முகம்தான் கண்ணில் நின்றது. அவனுக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. கடனை அடைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சொட்டுச் சொட்டாக ஒரு புதுமை

கதை ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் தொடங்குகிறது. மின்விளக்கு புதிதாகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. எந்த விளக்கு எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை அளக்க நம்பகமான அளவுகோல் வேண்டியிருந்தது. அதற்காக, 1887-இல் அமைக்கப்பட்ட அரசாங்க அளவைக்கூடத்தில், சூடேறிய பொருள் எப்படி ஒளி விடுகிறது என்பதை மிக நுட்பமாக அளந்தார்கள்.

கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு வெளுக்கும். பாமரரும் அறிந்த சங்கதிதானே இது? ஆனால் ஏன் அப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அன்றைய விஞ்ஞானம் தந்த விடை அளந்த அளவோடு ஒத்துப்போகவில்லை.

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் மேக்ஸ் பிளாங்க் என்ற பேராசிரியர் ஒரு விளக்கம் சொன்னார். சக்தி தண்ணீர் போல இடைவிடாமல் ஓடுவதில்லை. சிறு சிறு கூறுகளாகவே பரிமாறப்படுகிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாக வருகிறது என்றார். அந்தக் கூறுக்குத்தான் குவாண்டம் என்று பெயர்.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். வெட்டிய மரத்திலிருந்து மங்கில் பால் இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஒழுக்காகத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் அது சொட்டுச் சொட்டாக விழுவது தெரியும். அரைச் சொட்டு என்று ஒன்று விழுவதில்லை. இயற்கையும் அடிமட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதே பிளாங்கின் கண்டுபிடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், பிளாங்குக்கே அது பிடிக்கவில்லை! பழைய விஞ்ஞானத்துக்குள் அதை எப்படியாவது அடக்கிவிட வேண்டுமென்று பல ஆண்டுகள் பாடுபட்டார். ஆனால் வெளியே வந்த பூதம் மீண்டும் குடத்துக்குள் போகுமா? 1905-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைன், ஒளியே துகள் துகளாக வருகிறது என்றார். 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சத்யேந்திரநாத் போஸ், பிளாங்கின் சூத்திரத்தைப் புதிய வழியில் நிறுவி ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். 1925-இல் ஹைசன்பர்க், 1926-இல் ஷ்ரோடிங்கர் ஆகியோர் இதை முழுமையான கணிதமாக்கினர். அந்த நூற்றாண்டு நிறைவை ஒட்டித்தான் ஐக்கிய நாட்டு நிறுவனம் 2025-ஆம் ஆண்டை அனைத்துலகக் குவாண்டம் ஆண்டாக அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களில் எவரும் வானொலிப் பெட்டியோ கைப்பேசியோ செய்யப் புறப்பட்டவர்கள் அல்லர். இயற்கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டவர்கள், அவ்வளவுதான். அன்று யாராவது அவர்களிடம், "இது பரிட்சைக்கு வருமா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

முதல் பயணம்: டிரான்சிஸ்டர்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் தொலைபேசி ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. தொலைபேசியில் குரல் நெடுந்தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். வழியில் அதற்கு வலுவூட்ட வேண்டும். அதற்கு அன்று கண்ணாடி வால்வுகளைப் பயன்படுத்தினார்கள். அவை சூடாகும், மின்சாரத்தைத் தின்னும், அடிக்கடி எரிந்துபோகும். திடப்பொருளால் ஆன கருவி ஒன்று கிடைத்தால் நல்லது என்று கம்பெனி நினைத்தது.

ஆனால் திடப்பொருளுக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது? செம்பில் ஓடுகிறது, கண்ணாடியில் ஓடவில்லை, ஜெர்மானியம், சிலிக்கன் போன்றவற்றில் அரைகுறையாக ஓடுகிறதே, ஏன்? இதற்குப் பதில் குவாண்டம் கணிதத்தில்தான் இருந்தது. 1931-இல் ஆலன் வில்சன் என்ற ஆங்கிலேயர் அதை விளக்கிவிட்டார். அவர் எழுதியது வெறும் தாள். கருவி எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்தத் தாள் இல்லையென்றால் அடுத்த படி இல்லை.

1947 டிசம்பர் 16-ஆம் நாள் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டேன் என்ற இருவர், ஒரு ஜெர்மானியத் துண்டின்மேல் தங்கத் தகட்டின் இரண்டு முனைகளை நெருக்கமாக அழுத்தி வைத்துப் பார்த்தனர். சிறு மின்னோட்டம் உள்ளே போய்ப் பெரிய மின்னோட்டமாக வெளியே வந்தது. அதுதான் டிரான்சிஸ்டர். அதை வயலின் மடையோடு ஒப்பிடலாம். ஒரு சிறு பலகையைக் கொஞ்சம் தூக்கினால் பெரு வெள்ளம் பாயும், இறக்கினால் நிற்கும். குழுவின் தலைவர் ஷாக்லி இன்னும் உறுதியான வடிவத்தை வகுத்தார். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடித்தாயிற்று. இனி எல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அறையில் வேலை செய்த ஒன்றை ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது தனிக் கலை. பார்டீனும் பிராட்டேனும் செய்தது முதல் டிரான்சிஸ்டர். அதற்குத் தேவையான சுத்தமான படிகத்தை வளர்ப்பது, கம்பி பொருத்துவது, பழுதானதைக் கழிப்பது என்று எத்தனையோ பேரின் வேலை பாக்கி இருந்தது.

இந்த இடத்தில் பெல் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. 1952-இல் மற்றக் கம்பெனிகளை அழைத்து, 25,000 டாலர் முன்பணம் கட்டியவர்களுக்கு டிரான்சிஸ்டர் செய்யும் முறையைச் சொல்லிக் கொடுத்தது. காது கேளாதோருக்கான கருவி செய்பவர்களிடம் உரிமைத் தொகை வாங்கவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் காது கேளாதோருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் என்பதற்காக அவர் நினைவில் செய்த மரியாதை அது. வித்தையைப் பூட்டி வைத்திருந்தால் டிரான்சிஸ்டர் தொலைபேசிக் கம்பெனிக்குள்ளேயே நெடுநாள் கிடந்திருக்கும். சொல்லிக் கொடுத்ததால்தான் ஊர் ஊராகப் போனது.

1954-இல் அமெரிக்காவில் ரீஜென்சி என்ற பெயரில் சட்டைப்பைக்குள் அடங்கும் வானொலி 49 டாலர் 95 காசுக்கு விற்பனைக்கு வந்தது. அதற்குள் நான்கே டிரான்சிஸ்டர்கள்! மறு ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனமும் ஒன்றை வெளியிட்டது. அந்த நிறுவனத்தில் 1957-இல் லியோ எசாக்கி என்பவர், ஜெர்மானியத்தில் கலப்பைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தபோது, விசித்திரமான ஒன்றைக் கண்டார். சுவரில் எறிந்த பந்து எப்போதாவது சுவரை ஊடுருவி மறுபக்கம் போய் விழுந்தால் எப்படியிருக்கும்? மின்துகள்கள் அப்படித்தான் தடையை ஊடுருவின. குவாண்டம் விஞ்ஞானிகள் முன்பே சொன்னதுதான் அது. எசாக்கிக்கு 1973-இல் நோபல் பரிசு. பார்த்தீர்களா? விஞ்ஞானம் தொழிலுக்குக் கொடுத்தது. தொழிலும் விஞ்ஞானத்துக்குத் திருப்பிக் கொடுத்தது. இது ஒருவழிப் பாதை அல்ல.

லயத்து வாசலும் பாயான் லெப்பாஸும்

மின்சாரம் எட்டாத லயங்களுக்கும் பேட்டரி போட்ட அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. தாத்தாக்கள் அதை ரேடியோ என்றுகூடச் சொல்வதில்லை. 'டிரான்சிஸ்டர்' என்றே சொன்னார்கள். மாலையில் வாசலில் வைத்துப் பாட்டும் செய்தியும் கேட்டார்கள். பிளாங்கின் பெயரைக் கேள்விப்படாத மனிதர்களின் மடியில் பிளாங்கின் கண்டுபிடிப்பு பாடிக்கொண்டிருந்தது.

1958-இல் ஜாக் கில்பியும் 1959-இல் ராபர்ட் நாய்ஸும், தனித்தனி டிரான்சிஸ்டர்களை ஒரே துண்டுக்குள் அமைக்கும் வழியைக் காட்டினர். அந்தத் துண்டுதான் சில்லு. நாய்ஸ் மற்றொருவருடன் சேர்ந்து தொடங்கிய இன்டெல் நிறுவனம் 1971-இல் 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட சில்லு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே, 1972-இல், அந்த நிறுவனம் பினாங்குக்கு வந்தது.

ஏன் பினாங்கு? தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை 1969-இல் இழந்த பினாங்கில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ அவர்களின் காலத்தில் பாயான் லெப்பாஸில் தாராள வர்த்தக வட்டாரம் அமைந்தது. முதலில் வந்த எட்டுப் பெரிய கம்பெனிகளை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் அங்கே சொல்வார்கள்.

என் அம்மாவும் அந்தக் கதையில் இருக்கிறார். செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1980-களின் தொடக்கத்தில், பதினெட்டு வயதில், அக்கரையில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பினாங்குப் பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது. அதனால் விடியுமுன் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்து, மறுபடியும் பஸ் ஏறிப் போக வேண்டும். வேலை என்ன தெரியுமா? மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் இணைப்பது. ஷிப்ட் முடிந்து வந்தால் கண் எரியுமாம்.

"அது என்ன சாமான்னு தெரியுமாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஐ.சி.ன்னு சொல்வாங்க. எதுக்குன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல" என்றார்.

நானும் கேக்கல! அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஐந்து ஆண்டுகள் தன் கையால் செய்த பொருள் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கும் பழக்கத்தை அவர் படித்த பள்ளியும் கொடுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் என் மாமாக்கள் படித்தார்கள். அந்தக் கைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. இன்று உலகச் சில்லுகளின் சோதனை, பொதிவு வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் இத்தகைய பெண்களும் உண்டு.

இரண்டாம் பயணம்: வேலை கிடைக்காத வெளிச்சம்

அடுத்து லேசர் ஒளியின் கதையைக் கேளுங்கள்.

பள்ளிக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கைதட்டினால், பக்கத்துப் பிள்ளையும் அதே தாளத்தில் தட்டும்; பிறகு மண்டபமே ஒரே தாளத்தில் அதிரும். சக்தியேறி நிற்கும் அணுவைத் தக்க ஒளித்துகள் ஒன்று தூண்டினால், அந்த அணுவும் அதே மாதிரியான இன்னொரு ஒளித்துகளை விடும் என்று 1917-இல் ஐன்ஸ்டைன் எழுதினார். எழுதியதோடு சரி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அதை வைத்துக் கருவி செய்யவில்லை.

1951-இல் ஒரு காலைப் பொழுதில், வாஷிங்டன் நகரப் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சார்லஸ் டவுன்ஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐன்ஸ்டைன் சொன்ன வழியில் நுண்ணலைகளைப் பெருக்கலாமே! மூன்று ஆண்டுகள் பாடுபட்டார். அவருடைய பல்கலைக்கழகத்தில் ராபி, குஷ் என்ற இரு பெரும் விஞ்ஞானிகள் அவர் அறைக்கே வந்து, "இது நடக்காது, பணம்தான் வீண், நிறுத்திவிடு" என்ற கருத்தில் அறிவுரை கூறினார்கள். டவுன்ஸ் நிறுத்தவில்லை. சில மாதங்களில், 1954-இல், கருவி வேலை செய்தது. மேதைகளின் வாயிலிருந்தும் 'இதனால் என்ன பயன்' என்ற கேள்வி தவறான நேரத்தில் வரக்கூடும் என்பதற்கு இது சான்று.

1960 மே 16-ஆம் நாள் கலிபோர்னியாவில் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கல் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பினார். அவர் எழுதிய கட்டுரையை அமெரிக்காவின் முதன்மையான இயற்பியல் சஞ்சிகை ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது! லண்டனில் வெளிவரும் 'நேச்சர்' சஞ்சிகைதான் வெளியிட்டது. அந்தக் காலத்தில் லேசரைப் பற்றி ஆராய்ச்சிக்கூடத்தாரே கேலி பேசினார்கள். தீர்வு கையில் இருக்கிறது, அது தீர்க்க வேண்டிய சிக்கலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தக் கேலி.

சிக்கல்கள் தாமாகவே தேடி வந்தன. 1961-இலேயே நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் கண்ணுக்குள் லேசரைப் பயன்படுத்தினார்கள். 1966-இல் ஷாங்காயில் பிறந்த சார்லஸ் காவ், தூய்மையான கண்ணாடி இழை கிடைத்தால் அதற்குள் ஒளியை விட்டுச் செய்தி அனுப்பலாம் என்று கணக்குப் போட்டார். 1970-இல் அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனி ஒன்று அப்படிப்பட்ட இழையைச் செய்துகாட்டியது. 1974 ஜூன் 26-ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்து மளிகைக் கடையில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் கோடுகளை லேசர் படித்தது. கடையில் இன்று 'பீப்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தத்தின் பிறந்தநாள் அது.

நம் சமுதாயத்தில் சர்க்கரை வியாதி இல்லாத குடும்பம் குறைவு. அந்த வியாதியால் பார்வை மங்கி, பொது மருத்துவமனையில் கண்ணுக்கு 'லைட் வைத்து' வந்த பாட்டிகள் எத்தனை பேர்! அந்த லைட்தான் லேசர். டவுன்ஸ் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நிறுத்தியிருந்தால், அந்தப் பாட்டிகள் பேரப்பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

மூன்றாம் பயணம்: இன்னும் முடியவில்லை

முதல் இரண்டு பயணங்களும் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. மூன்றாவது இப்போது வழியில் இருக்கிறது.

ஜான் பெல் என்பவர் 1928-இல் பெல்பாஸ்ட் நகரில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தொலைபேசி பெல்லுக்கும் இவருக்கும் உறவில்லை. உடன்பிறந்தவர்கள் பதினான்கு வயதளவில் பள்ளியை விட, இவரை மட்டும் குடும்பம் தொடர்ந்து படிக்க வைத்தது. பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்தவர். அவருக்கு ஒரு சந்தேகம். சேர்ந்து பிறந்த இரு துகள்களை எவ்வளவு தூரம் பிரித்தாலும், ஒன்றை அளந்தால் மற்றது அதற்கு ஒத்த விடை தருகிறதாமே! 1935-இலேயே ஐன்ஸ்டைன் முகம் சுளித்த விஷயம் இது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வருகின்றனவோ?

ஆசிரியர்களுக்கு இது புரியும். இரண்டு பிள்ளைகளை இரண்டு வகுப்பறையில் உட்காரவைத்து, எந்தக் கேள்வி வரும் என்று தெரியாமல் கேள்வி கேட்கிறோம். முன்பே பேசி வைத்திருந்தால் விடைகள் ஓரளவுக்கு ஒத்துப்போகும். அந்த அளவுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று 1964-இல் பெல் கணக்கிட்டுக் காட்டினார். 1972-இல் கிளாசர், பிரீட்மன் இருவரும் சோதித்தார்கள். விடைகளின் ஒற்றுமை அந்த வரம்பைத் தாண்டியது! 1982-இல் பிரான்சில் ஆஸ்பே இன்னும் திருத்தமாகச் செய்து அதை உறுதிப்படுத்தினார். இந்த ஆராய்ச்சியில் இறங்கிய கிளாசருக்கு நிரந்தரப் பேராசிரியர் வேலைகூடக் கிடைக்கவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 2022-இல், ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பெல் 1990-இல் காலமானார். மறு ஆண்டே ஆக்ஸ்போர்டில் இருந்த ஆர்தர் ஏக்கர்ட் என்ற இளைஞர் அந்தக் கணக்கை ஒரு பூட்டாக மாற்றினார். இரகசியச் சாவியை இத்தகைய இணைத்துகள்களால் உருவாக்கினால், நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டதும் விடைகளின் ஒற்றுமை குறைந்துவிடும். திருடன் வந்தது தெரிந்துவிடும்! 1984-இல் பென்னட், பிராசார்ட் இருவரும் வேறொரு வழியில் இத்தகைய பூட்டைச் சொல்லியிருந்தார்கள். 2007-இல் ஜெனீவா நகரில் தேர்தல் வாக்கு விவரங்களை அனுப்புவதற்கே குவாண்டம் பூட்டைப் பயன்படுத்தினார்கள்.

அதே 2007-இல் நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் குவாண்டம் தொழில்நுட்ப மையம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் யார்? அந்த ஏக்கர்ட்தான். 2019 ஜூன் மாதம், மூன்று கிலோ எடைகூட இல்லாத ஒரு குட்டித் துணைக்கோளை அந்த மையத்தார் விண்ணில் விட்டு, இணை ஒளித்துகள்களை வானத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த சாதனை! 2024-இல் சிங்கப்பூர் அரசு குவாண்டம் துறைக்கென ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 30 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தது.

குவாண்டம் கணினி என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். 1984, 1985-ஆம் ஆண்டுகளில் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் என்ற மூவர், எசாக்கி கண்ட அந்தச் 'சுவர் ஊடுருவல்' கையில் பிடிக்கக்கூடிய ஒரு மின்சுற்றிலும் நடப்பதைக் காட்டினர். 2025-இல் அவர்களுக்கு நோபல் பரிசு. இன்றைய குவாண்டம் கணினிகள் பலவற்றுக்கு அத்தகைய சுற்றுகளே ஆதாரம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தக் கணினிகள் இன்னும் அடிக்கடி பிழை செய்கின்றன. வீட்டுக்கு வாங்கி வைக்கும் சாமான் அல்ல.

என்றாலும் சமுதாயம் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய குவாண்டம் கணினி வந்தால் வங்கிகளும் அரசாங்கங்களும் இன்று பயன்படுத்தும் இரகசியப் பூட்டுகள் சில திறந்துவிடும் என்று 1994-இல் பீட்டர் ஷோர் கணிதத்தால் காட்டினார். அதனால் 2024-இல் அமெரிக்க அரசின் தர நிர்ணயக் கழகம் புதிய பூட்டு முறைகள் மூன்றை வெளியிட்டது. வெள்ளம் வருமுன் அணை போடும் வேலை இது.

நாம் எந்தப் படியில் நிற்கிறோம்?

சற்றே சிந்தித்துப் பாருங்கள். பிளாங்கிலிருந்து பினாங்கு வரை 72 ஆண்டுகள். ஐன்ஸ்டைனின் தாளிலிருந்து மளிகைக் கடை வரை 57 ஆண்டுகள். பெல்லின் கணக்கிலிருந்து சிங்கப்பூரின் துணைக்கோள் வரை 55 ஆண்டுகள். ஒரு கேள்வி கைப்பொருளாக மாற இரண்டு மூன்று தலைமுறை ஆகிறது. வழியில் கேள்வி கேட்பவர் வேண்டும். பொறுமையோடு பணம் போடுபவர் வேண்டும். பட்டறையில் செய்பவர் வேண்டும். கற்றதை மறைக்காமல் சொல்லிக் கொடுப்பவர் வேண்டும். கம்பி இணைக்கும் கைகளும் வேண்டும். இவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் பாதை அறுந்துபோகும்.

முதல் பயணத்தில் நம்மவர்கள் கடைசிப் படியில், கைகளாக மட்டும் சேர்ந்தார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் பயணத்திலும் அங்கேயேதான் சேர வேண்டுமா? 2024 மே மாதம் நம் அரசாங்கம் அறிவித்த சில்லுத் துறைத் திட்டத்தில் 60,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிப்போம் என்று கூறப்பட்டது. அந்த இடங்களில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் உட்காரப் போகிறார்கள்? அது கோலாலம்பூரில் மட்டும் முடிவாகும் சங்கதி அல்ல. ஐந்தாம் ஆண்டு வகுப்பில், கை தூக்கிய பிள்ளைக்கு என்னைப் போன்ற ஓர் ஆசிரியை என்ன பதில் சொல்கிறார் என்பதிலும் முடிவாகிறது.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்து களைத்து வரும்போது பிள்ளை வந்து "ஏன்? எப்படி?" என்று நச்சரித்தால் கோபம் வருவது இயற்கைதான். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. "தெரியலப்பா, நாளைக்கு டீச்சர்கிட்ட கேளு" என்று சொல்லி அனுப்புங்கள். "வாயை மூடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானே ஒருமுறை அப்படிச் சொன்னவள் என்பதால்தான் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப நான் கம்பி வச்சது இந்த மாதிரி சாமானுக்குத்தானா?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா இன்னும் ஆசையா செஞ்சிருப்பேன்" என்றார்.

மறுநாள் அந்தப் பையனை அழைத்தேன். இதற்குள் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு மடைகள் இருக்கின்றன, அவை திறந்து மூடித்தான் கணக்குப் போடுகின்றன, அது நம்மைப் போல யோசிக்கவில்லை என்று சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டான்.

"அப்ப நாம யோசிக்கிறது எப்படி டீச்சர்? நம்ம தலைக்குள்ளயும் மடை இருக்கா?"

"எனக்குத் தெரியலடா. சேர்ந்து தேடிப் பார்ப்போம்" என்றேன்.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு 'கேள்வி நோட்டு' இருக்கிறது. பரிட்சைக்கு வராத கேள்விகளை மட்டுமே அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் முதல் கேள்வி அவனுடையது.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகளின் கேள்விகள்!